வீட்டம்மாவுக்கா?

ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

இங்கே நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியது என் கடமை, கேட்டுவிட்டேன்.

"இனிமே எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு, உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்று சொல்லிப் போனை வைத்தவள் நீ. திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன். எழுதும்போதாவது நீ குறுக்கே பேச முடியாது.

என் மகள் வாலுவை விடுமுறைக்குத்தான் உன் வீட்டுக்கு அனுப்பினேன், தத்துக் கொடுக்கவில்லை. அவள் அம்மா போன இந்த ஒன்றரை வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டும் சமாதானம் ஆகிக்கொண்டும் எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தோம். விடுமுறை முடிந்து அழைத்துப்போக வந்தவனை நீ வாசலிலேயே நிறுத்தினாய். நான் போட்டிருந்த மஞ்சள் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு ஜன்னலெல்லாம் திறக்கிற மாதிரி, "பொம்பளைத் துணியைப் போட்டுக்கிட்டு என் வாசல்ல வந்து நிக்கிறியே, வெட்கமா இல்ல?" என்றாய். வாலு உள்ளறையை விட்டு வெளியே வரவே இல்லை. அவளுக்காக வாங்கி வைத்திருந்த பஸ் சீட்டில் என் பையை உட்காரவைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஸ்வெட்டருக்கு என்ன குறை? முன்பக்கம் பொத்தான், இரண்டு பக்கமும் பை, பையின் மேல் சிவப்பு நூலில் பூ. அந்தப் பூ யாரையும் கடிக்காது. பொத்தான்தான் ஆண்கள் சட்டைக்கு எதிர்ப்பக்கம் இருப்பதால் விரல் இன்னும் தடுமாறுகிறது. மற்றபடி நல்ல கதகதப்பு.

பள்ளிக்கூடம் திறந்து வாரங்கள் ஓடிவிட்டன. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை பஸ் ஏற்றி அனுப்பு. நிலையத்துக்கு நான் வந்து நிற்பேன்.

தம்பி

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

கேட்டதால் சொல்கிறேன், முட்டிவலி அப்படியே இருக்கிறது. உன் புண்ணியத்தில் ரத்தக்கொதிப்பும் சேர்ந்துகொண்டது. நீ சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். அவ்வளவு பெரிய ஸ்வெட்டருக்குள் சளி எப்படி நுழையும்?

ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை, பார்த்திருப்பாய். நான் தடுக்கவில்லை. பையைக் கட்டிக் கொடுத்தேன், அவிழ்த்து அலமாரியில் அடுக்கிவிட்டாள். "ஏன்டி போகமாட்டேங்கிற?" என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. திறக்க வேண்டுமா என்ன? பதின்மூன்று வயதுப் பெண். அப்பன் பூப்போட்ட ஸ்வெட்டரோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்?

உன் பெண்டாட்டி போனது கஷ்டம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவளோடு எனக்கு ஆயிரம் சண்டை இருந்தாலும் தங்கமான பெண். ஆனால் செத்தவள் துணியை மடித்துப் பெட்டியில் வைப்பதற்குத்தான் நாம் பெட்டி வாங்குகிறோம். எடுத்து மாட்டிக்கொண்டு கடைவீதியில் திரிவதற்கு இல்லை. உன் துக்கத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்.

இங்கே உள்ள பள்ளியில் இப்போதைக்கு உட்காரவைத்திருக்கிறேன். இந்தப் பருவம் முடிவதற்குள் மாற்றுச் சான்றிதழ் கேட்கிறார்கள். அங்கே வாங்கி அனுப்பு. அது வந்துவிட்டால் அவள் இங்கேயே இருந்து படிப்பாள். உனக்கும் நிம்மதி, எந்த நிறத்தில் வேண்டுமானாலும் அலையலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

செப்டம்பர் 2

அக்காவுக்கு,

நலம். உன் ரத்தக்கொதிப்புக்கு என்மேல் பழி போடாதே. அது உனக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது.

மாற்றுச் சான்றிதழ் அனுப்பமாட்டேன். அதை அனுப்பினால் அவள் போனது போனதுதான் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

நீ ஒரு தடவைகூட என் கடைக்குள் வந்ததில்லை, அதனால் சொல்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் என் வேலை ஃபிரேம் பொருத்துவது. வருகிறவர்களுக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஏசி காற்று நேரே என் பிடரியில் இறங்கும். என்கூட வேலை பார்க்கும் பெண்கள் அந்தக் குளிருக்குப் பச்சை, ஊதா, ரோஜா நிறம் என்று ஆளுக்கொரு ஸ்வெட்டரோடு வருகிறார்கள். ஆண்களுக்குக் கடையே கொடுக்கும் சாம்பல் நிறக் கோட்டு. தாள் மாதிரி மெல்லிசு. விதி என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்: பெண்கள் சுத்தமாக உடுத்த வேண்டும், ஆண்கள் சாம்பல் கோட்டு, வெள்ளைச் சட்டை, பூவோ படமோ கூடாது. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. எப்போதும் அப்படித்தானாம்.

வாடிக்கையாளர்களும் இப்படித்தான். ஆண்கள் வந்து உட்கார்ந்ததும் கண் முதலில் சிவப்பு ஃபிரேமுக்குத்தான் போகும். கை கறுப்பைத்தான் எடுக்கும். "இதைப் போட்டுப் பாருங்களேன்" என்று சிவப்பை நீட்டினால், கூட வந்திருக்கிற மனைவியைப் பார்ப்பார்கள், கண்ணாடியைப் பார்ப்பார்கள், பிறகு சிரித்துவிட்டு, "அதெல்லாம் நமக்கு எதுக்கு" என்பார்கள். தினமும் இதைப் பார்க்கிறேன்.

முதலாளியம்மா போன வாரம் என்னைக் கூப்பிட்டு, கோட்டா ஸ்வெட்டரா என்று முடிவு பண்ணிக்கொள் என்றார். நான் ஸ்வெட்டர் என்றேன். மாதக் கடைசி வரை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். உன் பள்ளித் தோழிதானே, உன் மாதிரியே பேசுகிறார்.

இன்னொன்று. அத்தான் போய் மூன்று வருஷமாக நீ அவர் சட்டையைத்தான் போடுகிறாய். வீட்டுக்குள் மட்டும் இல்லை, கடைக்கு, வங்கிக்கு, என் வீட்டுக்கு வந்தபோதுகூட. யாராவது உன்னை வாசலில் நிறுத்தி வெட்கமா இல்லையா என்று கேட்டார்களா? நீ போட்டால் பாவம், நான் போட்டால் பைத்தியமா?

வாலுவிடம் போனைக் கொடு. அது முடியாவிட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு.

தம்பி

செப்டம்பர் 10

தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. இவ்வளவு நீளமாக எழுதத் தெம்பு இருக்கிறவனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பெண்கள் நிறம் நிறமாக உடுத்துகிறார்கள் என்று பொருமுகிறாயே, அந்த நிறத்துக்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியுமா? கல்யாணமான நாள் முதல் நான் புதிதாக எதை எடுத்துப் போட்டாலும் உன் அத்தான் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். "யாருக்குக் காட்டுறதுக்கு?" என்பார். அவ்வளவுதான். சத்தம் போட்டதில்லை, கை ஓங்கியதில்லை. அந்த ஒரு கேள்வி. நான் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வருவேன். அலமாரி நிறையத் துணி இருந்தது, போட்டது நாலோ ஐந்தோ. உன் கடைப் பெண்களைக் கேட்டுப் பார், அந்த ஊதாவுக்கும் ரோஜாவுக்கும் வீட்டில் என்ன பேச்சு வாங்கிக்கொண்டு வருகிறார்கள் என்று. உன்னிடம் சாம்பல் கோட்டைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்காமலாவது விட்டார்கள்.

என் சட்டைக்கும் உன் ஸ்வெட்டருக்கும் முடிச்சுப் போடாதே. வீட்டுக்காரர் சட்டையை நான் போடுவது துக்கம். ஊருக்கே தெரியும். காய்கறிக் கடையில் என்னைப் பார்த்ததும் வரிசையை விலக்கி முன்னால் விடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். துக்கம் என்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. அதை முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நீ சொன்னாயா? கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

அதனால் நானே சொல்லிவிட்டேன். உன் முதலாளியம்மாவுக்கு நேற்று எழுதிப் போட்டேன். அது செத்துப்போன பெண்டாட்டியின் ஸ்வெட்டர், பிரிய மனசில்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறான், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று. நன்றி சொல்ல வேண்டாம், நீ சொல்லவும் மாட்டாய்.

சான்றிதழை மறக்காதே.

அக்கா

செப்டம்பர் 24

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், ரொம்ப நலமாக. கடையில் என்னை இப்போது கண்ணாடிச் சாமான் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். உன் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

உன் கடிதம் போய்ச் சேர்ந்த அன்று முதலாளியம்மா என் இடத்துக்கே வந்தார். தோளில் கை வைத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். அடுத்த வருஷம் அவள் நினைவுநாள் வரை போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி. பக்கத்து மேஜைப் பெண், போன மாதம் வரை என்னை "மஞ்சக்கிளி" என்று கூப்பிட்டுச் சிரித்தவள், எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். தலை நிமிர்த்தினால் யாராவது என்னை இரக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று ஒரு வயதான அம்மாவுக்கு ஃபிரேம் பொருத்திக்கொண்டிருந்தேன். யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். அந்த அம்மா பேசாமல் என் ஸ்வெட்டர் பையைத் தடவினார். அந்தப் பூவின்மேல் விரலை வைத்து அழுதார். நான் அவர் காதுக்குப் பின்னால் வளைவைச் சரிபார்த்தேன்.

யாரைக் கேட்டு எழுதினாய் நீ? உன் தோழிக்கு எழுத வேண்டும் என்றால் உன் சட்டையைப் பற்றி எழுது. என் வீட்டில் செத்தவளை உன் சிபாரிசுக் கடிதத்துக்குப் பிடித்துக்கொள்ளாதே.

ஆனால் வேலை மிஞ்சியது, உண்மைதான். கேலி நின்றதும் உண்மைதான். வாலுவிடம் சொல், இனி அப்பாவைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள், தாராளமாகக் கிளம்பி வரலாம் என்று. சான்றிதழ் விஷயம் இனிமேல் பேசாதே.

தம்பி

அக்டோபர் 5

தம்பிக்கு,

எண்ணெய் தேய்க்கிறேன். நீ திட்டித் தீர்த்த கடிதத்தைப் படித்தபோது வலிகூடக் கொஞ்சம் குறைந்தது. நான் சொன்னது நடந்துவிட்டது இல்லையா? அந்தச் சந்தோஷம்.

யாரைக் கேட்டு எழுதினாய் என்கிறாய். உன்னைக் கேட்டிருந்தால் இன்றைக்குத் தெருவில் நின்றிருப்பாய். துக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னதும் அத்தனை பேர் வாயும் மூடிக்கொண்டது பார். அது பெரிய வார்த்தை. எனக்குத் தெரியும்.

இங்கேயும் சொல்லிவைத்திருக்கிறேன். வாலுவின் வகுப்பு டீச்சரிடம், எதிர்வீட்டுக்காரர்களிடம், எல்லாரிடமும். அவளுடைய அப்பா, செத்துப்போன அம்மாவின் நினைவாகத்தான் அதைப் போட்டிருக்கிறார் என்று. ஜன்னலைத் திறந்து பார்த்தவர்கள் எல்லாம் இப்போது "அடப்பாவமே" என்கிறார்கள். நீ அடுத்த முறை வந்தால் வாசலில் நிறுத்தமாட்டேன்.

ஆனால் உன் மகள்தான் புரியாத புதிர். உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், சந்தோஷப்படுவாள் என்று. "போதும் அத்தை" என்றாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வந்து தபால்தலை இருக்கிறதா என்று கேட்டாள். கொடுத்தேன். என்ன எழுதுகிறாள் என்று காட்டவில்லை.

இன்னும் வரமாட்டேன் என்றுதான் சொல்கிறாள். இனி எனக்கே காரணம் தெரியவில்லை. சான்றிதழை அனுப்பு.

அக்கா

அக்டோபர் 6

அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் நன்றாக இருப்பீர்கள். எப்போதும் "நீ" என்றுதான் சொல்வேன், இனிமேல் "நீங்கள்"தான்.

நான் வராதது உங்கள் ஸ்வெட்டருக்கு வெட்கப்பட்டு இல்லை. அத்தைதான் அப்படி நினைக்கிறார்கள். அது நல்ல ஸ்வெட்டர். நீங்கள் அதை வாங்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். மறந்துவிட்டீர்களா?

பெண்கள் துணி தொங்கும் இடத்தில் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தீர்கள். கடையில் இருந்த அக்கா, "வீட்டம்மாவுக்கா?" என்று கேட்டார்கள். நீங்கள் "ஆமாம்" என்றீர்கள். "அவங்க உங்களைவிட ஒல்லியா?" என்று கேட்டார்கள். "என் அளவுதான் இருப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அம்மா செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு மஞ்சள் பிடிக்காது. அதுவும் உங்களுக்குத் தெரியும்.

இப்போது உங்கள் கடையில் எல்லாரும் அது அம்மாவுடையது என்று அழுகிறார்களாம். என் டீச்சர் என் தலையைத் தடவுகிறார். நான் என்ன சொல்ல? இந்த வீட்டிலும் இதேதான். மாமா சட்டை எல்லாம் எப்போதோ கிழிந்து துடைக்கிற துணியாகிவிட்டது. அத்தை போன மாதம் ஆண்கள் கடையில் நீலக் கட்டம் போட்ட சட்டை புதிதாக வாங்கினார்கள். கடைக்காரர் கேட்டதற்கு "எங்க வீட்டுக்காரருக்கு" என்றார்கள். போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனால் "அவரோடது" என்கிறார்கள்.

நீங்கள் எல்லாரும் செத்துப்போனவர்களைத்தான் கடைக்கு அனுப்புகிறீர்கள்.

சான்றிதழை அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

அக்டோபர் 14

வாலுவுக்கு,

நான் நலமாக இல்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடு.

"ஆமாம்" என்று சொன்னேன். நீ பக்கத்தில் நின்றாய் என்பது ஞாபகம் இருந்தது. உனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

"எனக்குத்தான்" என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்தப் பெண் சிரித்துவிடுவாள் என்று பயந்தேன். உன் அம்மா பேரைச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதி அனுப்பினால் அது தபால்தலைச் செலவோடு முடிந்துபோகும். அதனால் எழுதவில்லை. நாளைக்கு என் கடையில் உண்மையைச் சொல்கிறேன்.

நீங்கள் என்றே கூப்பிடு. மாற்றச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

அப்பா

அக்டோபர் 30

அக்காவுக்கு,

எனக்கு இருமல். காரணம் பின்னால் வருகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இத்தனை நாள் உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன். அந்த ஸ்வெட்டர் அவளுடையது இல்லை. அவள் அதைப் பார்த்ததே இல்லை. நான் எனக்காக வாங்கினேன். நீயாகவே அவளுடையது என்று முடிவு கட்டி எழுதினாய், நானும் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ இன்னும் பத்து மடங்கு கத்தியிருப்பாய். துக்கத்தில் பூப்போட்டதைப் போட்டால் மன்னிப்பு உண்டு, ஆசையில் போட்டால் கிடையாது என்று எனக்கும் தெரியும்.

கடையில் டீ நேரத்தில் எல்லாரும் ஒன்றாக இருந்தபோது எழுந்து நின்றேன். "இது என் பெண்டாட்டியோடது இல்லைங்க. எனக்கு நானே வாங்கினது" என்றேன். பக்கத்து மேஜைப் பெண்தான் முதலில் கேட்டாள், "அப்ப எதுக்குப் போட்டிருக்க?" என்று. "பிடிச்சிருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் எனக்கு வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டு போனாள். நிஜமாகவே எடுத்துக்கொண்டு போனாள்.

முதலாளியம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. அவரை ஏமாற்றியது நானா நீயா என்று பிரித்துப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. "செத்தவ பேரைச் சொன்னதால விட்டேன். பிடிச்சிருக்குன்னு சொன்னா எந்தக் கணக்குல விடுறது?" என்றார். அன்று மாலையே என்னைப் பின்னால் கண்ணாடி தேய்க்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வாடிக்கையாளர் யாரும் அங்கே வருவதில்லை. மெஷின் சத்தம், ஈரம், வெள்ளைத் தூள். அதனால்தான் இருமல். அங்கே ஏசியும் இல்லை, வெந்து சாகிறேன். எந்த ஸ்வெட்டருக்காக இத்தனையும் நடந்ததோ அது ஆணியில் தொங்குகிறது. சிரித்துக்கொள்.

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் போட்டுக்கொள்கிறேன். தெருவில் கேட்கிறவர்களுக்கு என்னுடையது என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள்.

மாற்றுச் சான்றிதழ் இந்த உறைக்குள் இருக்கிறது. நீ கேட்டாய் என்பதற்காக அனுப்பவில்லை, அவள் கேட்டாள். நீ கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுக்காதே. அவள் கையில் கொடு, அவள் முடிவு பண்ணட்டும். அதைக் கேட்டு வாங்கும்போது தலைமையாசிரியர், உங்கள் பெண் எங்கே போகிறாள் என்று கேட்டார். அத்தை வீட்டுக்கு என்றேன்.

நீலக் கட்டம் போட்ட சட்டை உனக்கு நன்றாக இருக்கிறதா?

தம்பி

டிசம்பர் 12

தம்பிக்கு,

இருமலுக்கு மருந்து வாங்கினாயா இல்லையா? வாங்கியிருக்கமாட்டாய். என் உடம்பைப் பற்றிக் கேட்காதே.

உன் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். சான்றிதழ் தனியாக இருந்ததால் பிழைத்தது. நவம்பர் முழுக்க உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். உனக்கு எழுதுவதற்கு என்ன இருக்கிறது? என் வீட்டில் இருந்துகொண்டே என்னை வேவு பார்த்த பெண், அதைக் குத்திக்காட்டிய தம்பி. நல்ல குடும்பம்.

சான்றிதழை அவள் கையில் கொடுத்தேன். நீ கடையில் எழுந்து நின்று சொன்னதையும் சொன்னேன். "எல்லார் முன்னாடியுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பிடிச்சிருக்குன்னு சொன்னாரா?" என்றாள். ஆமாமடி என்றேன். சான்றிதழை மடித்துப் புத்தகப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பள்ளியில் கேட்கக் கேட்க, வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பும்போதெல்லாம் மட்டும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். உன் அத்தான் பார்வைக்கு மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். இதற்கு எதை மாற்றுவது?

போன வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனேன். வழக்கம்போல வரிசையை விலக்கினார்கள். கடைக்காரர் வழக்கம்போல, "ஐயா ஞாபகமா அம்மா?" என்றார். மூன்று வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு, "இல்லப்பா. நானே வாங்கினது. பாக்கெட் இருக்கு" என்றேன். சாவி, கண்ணாடி, மாத்திரை எல்லாம் அதில்தான் இருக்கிறது. பெண்கள் துணியில் ஒரு பாக்கெட் வைத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துபோகிறது?

அவ்வளவுதான். இப்போது வரிசையில் கடைசியில் நிற்கிறேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைப்பதை விட்டுவிட்டு, "இந்த வயசுல இவளுக்கு ஆம்பளைச் சட்டை கேக்குதா?" என்று என் காதில் விழும்படி சொல்கிறாள். உனக்காவது ஒரு கடைக்காரிதான் முகம் மாறினாள், எனக்குத் தெருவே மாறிவிட்டது. எல்லாம் உன்னால்தான். ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன்.

பொத்தான் எதிர்ப்பக்கம் இருக்கிறது, விரல் தடுமாறுகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் பழக நாளானது.

காய்கறிக் கடையிலிருந்து வந்த அன்றே அவள் பையைக் கட்டிவிட்டாள். சான்றிதழைப் பழைய பள்ளியிலேயே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறாள். முடியும் என்று சொல்லியிருக்கிறேன், நீ போய்க் காலில் விழுந்தாவது ஏற்பாடு பண்ணு. சனிக்கிழமை காலை முதல் பஸ். நிலையத்தில் குளிரும், அந்த மஞ்சள் சனியனையே போட்டுக்கொண்டு வா. யாராவது யாருடையது என்று கேட்டால் நீ வாயைத் திறக்காதே. அவள் சொல்லிக்கொள்வாள். உன் வாயை நம்பி நான் அவளை அனுப்பவில்லை.

அக்கா